27 இன்ச் ஃபுல் எச்டி வாங்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார். கையில் 15.6 இன்ச் ஃபுல் எச்டி லேப்டாப், விண்டோஸ், ஸ்கேலிங் (எழுத்தையும் படத்தையும் எவ்வளவு பெரிதாக்கிக் காட்டுவது என்கிற அமைப்பு) 100 சதவீதம். நாள் முழுக்க எக்செல், பிரவுசர், நடுநடுவே தமிழில் தட்டச்சு. எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது, சாயங்காலமானால் கண் எரிகிறது. தனியாக ஒரு மானிட்டர் போட்டுக்கொள்ளலாம் என்று கடைக்குப் போனால், 27 இன்ச் ஃபுல் எச்டியும் 24 இன்ச் 2கேயும் ஏறக்குறைய ஒரே விலை. "பெருசா வாங்கிக்கங்க சார், நிறைய இடம் கிடைக்கும்" என்கிறார் கடைக்காரர். அது சரியா, எதை வாங்குவது?

எழுத்து பெரிதாகும் என்று அவர் சொல்லியிருந்தால் சரி. இடம் கிடைக்கும் என்றது தப்பு. 27 இன்ச் ஃபுல் எச்டியில் உங்களுக்கு எக்செல்லில் ஒரு வரிகூட அதிகமாகத் தெரியாது. இப்போது லேப்டாப்பில் தெரிகிற அதே வரிகள், அதே கட்டங்கள் கொஞ்சம் ஊதிப் பெருத்துத் தெரியும், அவ்வளவுதான். ஏன் அப்படி என்பதற்குத்தான் இந்த நீண்ட பதில். நான் சிவகாசியில் டிடிபி, பிளேட் என்று அச்சுக்கு முந்தைய வேலையில் பல வருஷம் இருந்தவன். புள்ளிகளோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் வளவளவென்று இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை எடுத்துக்கொள்வோம். 15 புள்ளி, 15 வரிசை. அதை அபார்ட்மென்ட் கதவுக்கு முன்னால் இரண்டடிச் சதுரத்திலும் போடலாம், தெருவை அடைத்தும் போடலாம். புள்ளிக் கணக்கு மாறாது. கோலத்தில் இருக்கிற சிக்கும் வளைவும் மாறாது. புள்ளிக்கும் புள்ளிக்கும் விடுகிற இடைவெளி மட்டும்தான் மாறும். தெருவை அடைத்துப் போட்டதால் 15 புள்ளிக் கோலம் 21 புள்ளிக் கோலம் ஆகிவிடாது. ரெசல்யூஷன் என்பது இந்தப் புள்ளிக் கணக்கு. இன்ச் என்பது வாசலின் அளவு. ஃபுல் எச்டி என்றால் 1920×1080, அது 14 இன்ச் லேப்டாப்பிலும் அதேதான், 43 இன்ச் டிவியிலும் அதேதான்.

உங்கள் கண்ணுக்குத் தெரிவது இந்த இரண்டில் எதுவும் தனியாக இல்லை. புள்ளிக்குப் புள்ளி விட்ட இடைவெளிதான் தெரிகிறது. அதை ஒரு இன்ச்சுக்கு எத்தனை பிக்சல், அதாவது திரைப் புள்ளி, என்று கணக்கிடுவார்கள், பிபிஐ என்பது அதுதான். சூத்திரம் பள்ளிக்கூட பிதாகரஸ்: அகலப் பிக்சலின் வர்க்கத்தையும் உயரப் பிக்சலின் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, இன்ச்சால் வகுக்க வேண்டும். கடையில் நின்றுகொண்டு அதையெல்லாம் போட முடியாது. மூன்றே மூன்று எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஃபுல் எச்டிக்கு 2203, 2கேவுக்கு (2560×1440) 2937, 4கேவுக்கு (3840×2160) 4406. அதை இன்ச்சால் வகுத்தால் பிபிஐ வந்துவிடும்.

உங்கள் லேப்டாப் 2203 வகுத்தல் 15.6, அதாவது 141. கடையில் பார்த்த 27 இன்ச் ஃபுல் எச்டி 82. 24 இன்ச் என்று விற்பது பெரும்பாலும் 23.8 இன்ச்தான், அது 2கேயாக இருந்தால் 123, ஃபுல் எச்டியாக இருந்தால் 93. 27 இன்ச் 2கே 109. 27 இன்ச் 4கே 163. ஒரு வேடிக்கையும் இதில் உண்டு: 32 இன்ச் 2கே மானிட்டரின் பிபிஐ 92. அதாவது சாதாரண 24 இன்ச் ஃபுல் எச்டியின் அதே நெருக்கம், துணி மட்டும் அகலம்.

2கே என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மானிட்டர் கடையில் 2கே என்றால் 2560×1440. சினிமாக்காரர்களின் 2கே 2048 பிக்சல் அகலம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஃபுல் எச்டிதான் அந்த 2கேவுக்குப் பக்கத்தில் வருகிறது. ஆன்லைனில் சில விற்பனையாளர்கள் இந்தக் குழப்பத்தில் குளிர் காய்கிறார்கள். பெயரைப் பார்க்காதீர்கள், பெருக்கல் குறியோடு இருக்கிற இரண்டு எண்களைப் பாருங்கள்.

இனி மில்லிமீட்டரில் பேசுவோம். விண்டோஸில் 100 சதவீத ஸ்கேலிங்கில் 16 பிக்சல் உயரத்தில் ஒரு எழுத்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் லேப்டாப்பில் அதன் உயரம் 2.9 மில்லிமீட்டர். 24 இன்ச் 2கே மானிட்டரில் 3.3. 27 இன்ச் 2கேவில் 3.7. 24 இன்ச் ஃபுல் எச்டியில் 4.4. 27 இன்ச் ஃபுல் எச்டியில் 5. இந்த வரிசையைப் பார்த்தால் 27 இன்ச் ஃபுல் எச்டிதான் ஜெயிக்கிறது, எழுத்து பெரிதாக வேண்டும் என்றுதானே கேட்டீர்கள் என்று தோன்றும். இங்கேதான் தூரம் வந்து சேர்கிறது.

லேப்டாப்பை நாம் அரை மீட்டர் தள்ளி வைத்துப் பார்க்கிறோம், மடியில் இருந்தால் இன்னும் கிட்டத்தில். மானிட்டரைக் கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், 65 சென்டிமீட்டர் வாக்கில் வைப்போம். 50 சென்டிமீட்டரில் 2.9 மில்லிமீட்டர் எழுத்து கண்ணில் எவ்வளவு பெரிதாக விழுகிறதோ, 65 சென்டிமீட்டரில் அதே அளவு விழ அந்த எழுத்து 3.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மேலே உள்ள பட்டியலில் 3.7 எது? 27 இன்ச் 2கே. ஊரே சிபாரிசு செய்கிற அந்த மானிட்டரை வாங்கி, 100 சதவீதத்தில் ஓட்டினால், இப்போது லேப்டாப்பில் எந்த எழுத்து பொடியாக இருக்கிறது என்று புலம்புகிறீர்களோ, அதே பொடி எழுத்துதான் கண்ணுக்குத் தெரியும். காசு போட்டுப் பெரிய திரை வாங்கியும் கண் இடுங்குகிறதே என்று பலர் குழம்புவது இதனால்தான். 24 இன்ச் 2கேவை 100-ல் வைத்தால் லேப்டாப்பைவிடவும் மோசம்.

தூரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு: புள்ளி தனித்தனியாகத் தெரிகிறதா, கலந்துவிடுகிறதா என்பது. கல்யாண மண்டப வாசலில் வைக்கிற ஃபிளெக்ஸ் பேனரைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தீர்களானால் மாப்பிள்ளையின் கன்னம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும். ரோட்டிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கிறார். காலண்டருக்கு நாங்கள் படத்தை 300 புள்ளியில் கேட்போம். ஃபிளெக்ஸ்காரர் 72 போதும் என்பார், நெடுஞ்சாலை ஹோர்டிங் என்றால் அதைவிடக் குறைவிலும் அடித்துவிடுவார். இரண்டு பேரும் சொல்வது சரி. பார்க்கிற ஆள் எங்கே நிற்கிறார் என்பதுதான் கணக்கு.

பார்வை சரியாக உள்ள கண்ணால் ஏறக்குறைய ஒரு பாகையின் 60-ல் ஒரு பங்கு கோணம் வரை பிரித்துப் பார்க்க முடியும். கண் மருத்துவமனைச் சுவரில் உள்ள எழுத்துப் பலகையில் 6/6 என்கிறார்களே, அதன் அடிப்படை இதுதான். அதை வைத்துக் கணக்குப் போட்டால், 27 இன்ச் ஃபுல் எச்டியின் ஒரு பிக்சல் 0.31 மில்லிமீட்டர், அது கண்ணிலிருந்து மறைய 107 சென்டிமீட்டர் தள்ளி உட்கார வேண்டும். மூன்றரை அடி. நம் வீட்டுக் கம்ப்யூட்டர் மேஜைக்கு அவ்வளவு ஆழமே கிடையாது. 24 இன்ச் ஃபுல் எச்டிக்கு 94 சென்டிமீட்டர். 24 இன்ச் 2கேவுக்கு 71. உங்கள் லேப்டாப்புக்கு 62. 27 இன்ச் 4கேவுக்கு 53. 65 சென்டிமீட்டரில் உட்காருகிற ஆளுக்கு 24 இன்ச் 2கே கிட்டத்தட்ட எல்லைக்கோட்டில் நிற்கிறது, 27 இன்ச் ஃபுல் எச்டி வெகு தூரம் வெளியே. இது கறாரான எல்லை இல்லை. சாய்கோட்டின் விளிம்பில் உள்ள படிக்கட்டு மாதிரியான பிசிறை நம் கண் இதைவிட நுணுக்கமாகவே கண்டுபிடித்துவிடும். அதனால்தான் 4கே பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 2கேவும் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது.

ஆங்கிலம் மட்டுமே படிக்கிறவருக்கு இந்தப் பிசிறு பெரிய தொந்தரவு இல்லை என்பது என் அனுபவம். தமிழ் படிக்கிறவருக்குத் தொந்தரவு. அச்சகத்தில் புள்ளி பார்க்கிற லென்ஸ் ஒன்று சட்டைப் பையிலேயே கிடக்கும். ஒரு நாள் அதை மானிட்டர் மேல் வைத்துப் பார்த்தேன். வெள்ளை என்று நினைத்த இடம் வெள்ளையே இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று மெல்லிய பட்டைகள் நின்றுகொண்டிருந்தன, அந்த மூன்றும் சேர்ந்து ஒரு பிக்சல். அப்படியே லென்ஸை நகர்த்தி 'ண' மேல் வைத்தேன். மூன்று சுழி. ஒவ்வொரு சுழிக்கும் ஒரு கோடு, ஒரு வெற்றிடம், மறுபடி ஒரு கோடு வேண்டும். 10 பாயின்ட் எழுத்து 100 சதவீதத்தில் மொத்தமே 13 பிக்சல் உயரம். அதற்குள் கொம்புக்கும் சுழிக்கும் காலுக்கும் பங்கு பிரித்தால் ஒரு சுழிக்குள் இருக்க வேண்டிய வெற்றிடத்துக்கு ஒரு பிக்சல் கிடைத்தாலே அதிகம். அது சாம்பல் நிறத்தில் அப்பிப்போய்க் கிடந்தது. பக்கத்தில் இருந்த இரண்டு சுழி 'ன'வும் அதே மாதிரி அப்பல். எழுத்தாகப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. சொல்லைப் பார்த்துத்தான் மூளை 'மணம்', 'மனம்' என்று பிரித்துக்கொண்டிருந்தது. மெய்யெழுத்தின் புள்ளி வேறு, மேல் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, இருக்கிறதா இல்லையா என்று சண்டை போட வைக்கும். பிழை திருத்துகிறவர்கள் திரையில் விட்டுவிட்டு, பிரின்ட் எடுத்த பிறகு தலையில் அடித்துக்கொள்கிற பிழைகளில் பாதி இந்த ரகம்.

விண்டோஸ் 2000 காலத்து லதா எழுத்துருவில் தமிழ் படித்தவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். 2001-ல் எக்ஸ்பியோடு வந்த கிளியர்டைப் அந்த மூன்று நிறப் பட்டைகளையும் தனித்தனிப் புள்ளிபோல் பயன்படுத்திக் கிடைமட்டத்தில் கொஞ்சம் கூர்மையைக் கூட்டிக் கொடுத்தது. சுழிகள் பக்கவாட்டில்தானே வரிசையாக நிற்கின்றன, அதனால் தமிழுக்கு நல்ல உபகாரம். ஆப்பிள் இந்த வித்தையை 2018-ல் மேக் இயங்குதளத்தின் மொஹாவி பதிப்போடு கைவிட்டது. எங்களிடம் உள்ளதெல்லாம் நெருக்கமான திரை, இனி எதற்கு என்று நினைத்திருப்பார்கள். அதனால் மேக் வைத்திருப்பவர் 82 பிபிஐ மானிட்டரை மாட்டினால் எழுத்து விண்டோஸில் தெரிவதைவிட மோசமாகத் தெரியும். மேக்காரர்கள் முடிந்தால் 4கேவுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

சரி, இப்போது மூன்றாவது கயிற்றைப் பிடிப்போம், ஸ்கேலிங். இன்ச், பிக்சல் இரண்டையும் கடையில் தீர்மானித்துவிடுகிறோம். எழுத்தின் அளவை வீட்டுக்கு வந்து தீர்மானிப்பது இது. செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதில் ஸ்கேல். 100 என்றால் 16 பிக்சல் எழுத்து 16 பிக்சலில் வரும், 125 என்றால் 20 பிக்சலில், 150 என்றால் 24-ல். இந்த 100 சதவீதத்துக்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1984-ல் வந்த முதல் மெக்கின்டோஷ் ஒரு இன்ச்சுக்கு 72 பிக்சல் என்று வைத்தது, அச்சில் ஒரு இன்ச்சுக்கு 72 பாயின்ட் என்பதால் திரையும் தாளும் ஒத்துப்போகும். தாளைவிடத் திரையைத் தள்ளி வைத்துப் பார்க்கிறோமே என்று மைக்ரோசாஃப்ட் அதில் மூன்றில் ஒரு பங்கு கூட்டி 96 என்று வைத்தது. இன்றும் விண்டோஸின் 100 என்பது 96 பிபிஐ திரைக்கு அடித்த சட்டை. 24 இன்ச் ஃபுல் எச்டிக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. 141 பிபிஐ உள்ள உங்கள் லேப்டாப்புக்கு அது இறுக்கிப் பிடிக்கத்தான் செய்யும். பெரும்பாலான 15.6 இன்ச் ஃபுல் எச்டி லேப்டாப்புக்கு விண்டோஸே 125 வைக்கச் சொல்லிப் பரிந்துரைக்கும். யாரோ, அநேகமாக நீங்களே, இடம் அதிகம் வேண்டும் என்று 100-க்கு இறக்கியிருக்கிறீர்கள்.

ஸ்கேலிங்கைக் கூட்டினால் இடம் குறையும். எவ்வளவு என்பது எளிய வகுத்தல்: பிக்சலை ஸ்கேலால் வகுத்தால் உண்மையில் கையில் இருக்கிற இடம். 4கேவை 200-ல் வைத்தால் ஃபுல் எச்டி இடம், 150-ல் வைத்தால் 2கே இடம். 27 இன்ச் 4கேவை 150-ல் வைத்தவருக்கும் 27 இன்ச் 2கேவை 100-ல் வைத்தவருக்கும் எழுத்தின் அளவு ஒன்றே, இடமும் ஒன்றே. ஆனால் அவருடைய 'ண'வுக்கு 24 பிக்சல், இவருடையதுக்கு 16. அதிக பிக்சலுக்குக் கொடுக்கிற பணத்தை இடமாகவும் வாங்கிக்கொள்ளலாம், கூர்மையாகவும் வாங்கிக்கொள்ளலாம், பாதிப்பாதியாகவும் வாங்கிக்கொள்ளலாம். பெரிய திரையும் குறைந்த பிக்சலும் என்று போனால் இந்தப் பேரமே கிடையாது. எக்செல்லில் சொன்னால், வழக்கமான ஒரு வரி 20 பிக்சல். 1080-லிருந்து 1440-க்குப் போனால் 18 வரி கூடுதல். அந்த 18 வரியை எந்த இன்ச்சும் தராது.

இந்தப் பேரத்தை மென்பொருள் புரிந்துகொள்ளாத காலம் ஒன்று இருந்தது. 2001-லேயே ஐபிஎம் 22.2 இன்ச்சில் 3840×2400 மானிட்டர் கொண்டுவந்துவிட்டது, 204 பிபிஐ. முழு வேகத்தில் ஓட்ட நாலு கேபிள் வரை செருக வேண்டும். அன்றைய விண்டோஸில் நம் 16 பிக்சல் எழுத்து அதில் இரண்டே மில்லிமீட்டர். எக்ஸ்ரே பார்க்கிறவர்களுக்கும் வரைபடக்காரர்களுக்கும் வரப்பிரசாதம், கடிதம் தட்டுகிறவருக்குத் தண்டனை. 2012-ல் ஆப்பிள் 15 இன்ச் மேக்புக் புரோவில் 2880×1800 கொடுத்தபோது கதை வேறு, ஏனென்றால் நீளத்தில் இரண்டு அகலத்தில் இரண்டு என்று எல்லாவற்றையும் இரட்டித்து வரைகிற ஏற்பாடு கூடவே வந்தது. இடம் பழைய 1440×900 மாதிரியேதான், எழுத்து மட்டும் அச்சடித்த மாதிரி.

எழுத்தைப் பெரிதாக்க வீடுதோறும் நடக்கிற ஒரு தப்பு உண்டு. என் பெரியப்பாவுக்கு வெள்ளெழுத்து. அவருடைய ஃபுல் எச்டி மானிட்டரில் ரெசல்யூஷனை 1366×768-க்கு இறக்கிவைத்திருந்தார் பக்கத்து வீட்டுப் பையன். எழுத்து பெரிதாகத்தான் ஆகியிருந்தது, ஆனால் மழையில் நனைந்த நாள்காட்டித் தாள் மாதிரி. பழைய குழாய் மானிட்டரில் இந்த வைத்தியம் செல்லும், அதற்கு நிலையான பிக்சல் கிடையாது. எல்சிடியில் 1920 பிக்சலும் கண்ணாடிக்குள் அச்சாணி அடித்தாற்போல் உட்கார்ந்திருக்கின்றன. 1366-ஐ 1920 மேல் விரித்தால் ஒரு பிக்சலுக்கு 1.4 பிக்சல் கணக்கு வரும்; 0.4 பிக்சல் என்று ஒன்று இல்லாததால் பக்கத்துப் பிக்சலில் கறுப்பைத் தேய்த்துவிட்டுப் போகிறது. ரெசல்யூஷனை மானிட்டரின் முழு அளவிலேயே விட்டுவிட்டு ஸ்கேலை 150 ஆக்கிக் கொடுத்தேன். "இதை முன்னாடியே செஞ்சிருந்தா கண்ணாடி மாத்தியிருக்க மாட்டேனேடா" என்றார். கண்ணாடி மாற்ற வேண்டியதுதான், ஆனால் வேறு காரணத்துக்கு. படிக்கிற கண்ணாடி பெரும்பாலும் புத்தகம் பிடிக்கிற தூரத்துக்கு, 40 சென்டிமீட்டர் வாக்கில், போட்டுக் கொடுப்பது. மானிட்டர் 65-ல் இருக்கிறது. 40 வயது தாண்டியவர்கள் மானிட்டர் மாற்றுவதற்கு முன்னால் கண் மருத்துவரிடம் இந்தத் தூரத்தை அளந்து சொல்லிவிட்டு வருவது நல்லது.

இன்ச் விஷயத்தில் இன்னொரு ஏமாற்றம், அது மூலைவிட்டம் என்பது. பழைய 19 இன்ச் சதுர மானிட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு 24 இன்ச் அகலத் திரை வாங்கியவர், ஐந்து இன்ச் பெரிதாகிவிட்டது என்று சந்தோஷப்படுவார். டேப் வைத்து அளந்து பாருங்கள். 1280×1024 உள்ள 19 இன்ச் மானிட்டரின் உயரம் 11.9 இன்ச். 24 இன்ச் அகலத் திரையின் உயரம் 11.8. பக்கவாட்டில் வளர்ந்ததுதான் வளர்ச்சி. இதே கணக்கில் 34 இன்ச் அல்ட்ராவைடு என்பது 27 இன்ச்சை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தது, உயரம் ஏறக்குறைய ஒன்றே. லேப்டாப்பில் இப்போது 16:10 திரைகள் திரும்பி வந்திருப்பதை நான் மனசார வரவேற்கிறேன். 14 இன்ச்சில் 1920×1080-க்குப் பதில் 1920×1200 என்றால் எக்செல்லில் ஆறு வரி அதிகம். ஒரு காலத்தில் 15.6 இன்ச் லேப்டாப்பெல்லாம் 1366×768 என்று வந்ததே, அதில் பிபிஐ 100, எழுத்து அளவில் குறையே சொல்ல முடியாது. 768 வரி உயரத்தில் டாஸ்க்பார், பிரவுசர் பட்டை, இணையதளத்தின் தலைப்பு எல்லாம் போக மிச்சம் ஒரு ஜன்னல் இடுக்குதான். அங்கே குறை அளவில் இல்லை, எண்ணிக்கையில். மறுகோடிக்கும் போக வேண்டாம்: 15.6 இன்ச் லேப்டாப்பில் 4கே என்றால் 282 பிபிஐ, அரை மீட்டரில் அந்த நுணுக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள், பேட்டரியைத்தான் தின்னும்.

என் சொந்த அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆசைப்பட்டு 27 இன்ச் 4கே வாங்கி, பழைய லேப்டாப்பில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினேன். எழுத்து அற்புதம். மவுஸ் மட்டும் நொண்டியது. அம்புக்குறி நகர்ந்த இடத்துக்குக் கொஞ்சம் தாமதமாகவே வந்து சேர்ந்தது. இரண்டு நாள் மவுஸைத் திட்டி, பேட்டரி மாற்றி, கடைசியில் டிஸ்ப்ளே அமைப்பில் போய்ப் பார்த்தால் 30 ஹெர்ட்ஸ். அந்த லேப்டாப்பின் போர்ட் எச்டிஎம்ஐ 1.4, அது 4கேவை நொடிக்கு 30 தடவைதான் அனுப்பும். 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0, அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2. 4கேவில் 83 லட்சம் பிக்சல், ஃபுல் எச்டியில் 21 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. நாலு மடங்கு சரக்கு அதே குழாயில் போக வேண்டும். 2கேவுக்கு இந்தத் தலைவலி இல்லை, 37 லட்சம்தான், எச்டிஎம்ஐ 1.4 தாங்கும். மேஜை வேலைக்கு 4கேவைத் தள்ள இன்றைய சாதாரண லேப்டாப் போதும். விளையாட்டு என்றால் தனி கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி பட்ஜெட்.

லேப்டாப்பையும் மானிட்டரையும் அருகருகே வைத்து ஓட்டுகிறவர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை. 141 பிபிஐ திரையிலிருந்து 82 பிபிஐ திரைக்கு ஜன்னலை இழுத்தால் எழுத்து ஒரேயடியாகப் பூதாகரமாகும். இரண்டு திரைக்கும் தனித்தனி ஸ்கேல் வைக்கும் வசதி விண்டோஸ் 8.1-லிருந்து உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். பழைய மென்பொருள்கள் சில, கணக்கு எழுதுகிறவை, பழைய தமிழ் டிடிபி செயலிகள், இதைப் புரிந்துகொள்ளாமல் மங்கலாகவே தெரியும். அவற்றின் ஐகானில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், காம்பேட்டிபிலிட்டி என்று போனால் டிபிஐ, அதாவது ஸ்கேலிங், அமைப்பை மாற்றுகிற இடம் இருக்கிறது. சிலவற்றுக்குப் பலிக்கும், சிலவற்றுக்குப் பலிக்காது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். அந்த இரண்டில் ஒன்றுதான் என்றால் 24 இன்ச் 2கே, ஸ்கேல் 125. கையில் கிடைக்கிற இடம் 2048×1152, லேப்டாப்பைவிட மூன்று வரி அதிகம். எழுத்து 4.1 மில்லிமீட்டர், 65 சென்டிமீட்டரில் லேப்டாப்பைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். இன்னும் கொஞ்சம் பணம் புரட்ட முடிந்தால் 27 இன்ச் 2கே, அதுவும் 125-ல்: இடம் அதேதான், எழுத்து 4.7 மில்லிமீட்டர். கண் தெம்பாக இருக்கிற காலையில் 100-க்கு இறக்கிக்கொண்டால் லேப்டாப்பைவிட 18 வரி கூடுதலாகக் கிடைக்கும், அந்தச் சலுகைக்காகவே எனக்கு 27 இன்ச் 2கே பிடிக்கும். பணம் இறுக்கம் என்றால் சாதாரண 24 இன்ச் ஃபுல் எச்டியே வாங்குங்கள், விலையும் குறைவு. எழுத்தின் அளவு, இடம் இரண்டும் 24 இன்ச் 2கேவை 125-ல் வைத்ததற்குக் கிட்டத்தட்ட சமம். சுழிக்குள் வெற்றிடம் மட்டும் அப்பிக்கொள்ளும். 27 இன்ச் ஃபுல் எச்டி வேண்டாம். மூன்றரை அடி தள்ளி உட்கார்ந்து படம் பார்க்கவும் விளையாடவும், கடையில் சிசிடிவிக்கு மாட்டவும் அது நல்ல சாமான். தமிழ் படிக்கிற மேஜைக்கு ஆகாது.

கடையில் டெமோவுக்கு ஓடுகிற மீன் தொட்டி வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், 82 பிபிஐயிலும் மீன் அழகாகத்தான் நீந்தும். நோட்பேடைத் திறக்கச் சொல்லி, 'கண்ணன் மணல் வண்ணத்தில் நனைந்தான்' என்று 10 பாயின்ட்டில் அடித்துப் பாருங்கள். வீட்டு நாற்காலியிலிருந்து மேஜைச் சுவர் வரை டேப் வைத்து அளந்துகொண்டு போய், அதே தூரத்தில் நின்று படியுங்கள். சுழி எண்ண முடிகிறதா பாருங்கள்.

அதற்கும் முன்னால், இன்றைக்கே லேப்டாப்பில் ஸ்கேலை 125-க்கு மாற்றி நாலு நாள் வேலை பாருங்கள். எழுத்து 3.6 மில்லிமீட்டர் ஆகும், இடம் 1536×864 ஆகச் சுருங்கும், எக்செல்லில் பத்துப் பதினோரு வரி காணாமல் போகும். போன வரிகளைத் தேடி அடிக்கடி ஸ்க்ரோல் செய்கிறீர்கள் என்றால் 2கே மானிட்டருக்குப் பணம் எடுத்து வையுங்கள். தேடவே இல்லை என்றால் 24 இன்ச் ஃபுல் எச்டி போதும், அதைக்கூட அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.